வல்லூறு பழக்க ஆசை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வீடு ராயக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். அரபு நாடுகளில் கையில் வல்லூறை ஏந்தி வேட்டைக்குப் போகும் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பாறை மலையில் ஒரு வல்லூறு ஜோடி குஞ்சு பொரித்திருக்கிறது. மலையேறத் தெரிந்த ஒருவர் ஐயாயிரம் ரூபாய்க்குக் குஞ்சை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். குஞ்சிலிருந்தே வளர்த்தால் நன்றாகப் பழகுமாம். என்ன தீனி போடுவது? கோழிக்கறி போதுமா? பழக்க எத்தனை மாதம் ஆகும்?

ஒரு வாசகர், ராயக்கோட்டை

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த மனிதரைத் தடுத்துவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும்.

நீங்கள் சொல்லும் பறவை, கறுத்த தலையும் செம்பழுப்பு வயிறும் கொண்ட, காகத்தின் அளவே உள்ள ஷாஹீன் வல்லூறாக இருக்க வேண்டும். செங்குத்துப் பாறைதான் அதற்கு வீடு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். ஊரில் பலர் கிளி வளர்க்கிறார்களே என்று தோன்றும். நம் காட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதும் குற்றம்தான்.

சட்டமே இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். "குஞ்சிலிருந்தே வளர்த்தால் பழகும்" என்பது நாய்க்குட்டிக்குப் பொருந்தும், வல்லூறுக்குப் பொருந்தாது. சின்னஞ்சிறு குஞ்சாக மனிதன் கையில் தின்று வளர்ந்தது மனிதனையே தன் இனம் என்று எண்ணிக்கொள்ளும். உங்களைக் கண்டபோதெல்லாம் தீனி கேட்டு அலறும். வளர்ந்த பிறகு பயமில்லாமல் முகத்தில் பாயும். வெளியே விட்டால் தன் இனத்தோடு ஜோடி சேரவும் தெரியாது. கோழிக்கறி பற்றிக் கேட்டீர்கள். தாய் ஊட்டுவது எலும்போடு கூடிய முழு இரை. எலும்பில்லாத கறியை மட்டும் தின்னும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் கால் எலும்பு வளைந்துவிடும். பிறகு அது நிற்காது, பறக்காது.

இந்தக் கலை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் எப்படித் தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் புதியவர் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். பறவை தங்கும் இடத்தையும் கருவிகளையும் அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள். அதன்பின் அனுபவசாலி ஒருவரின் கீழ் குறைந்தது 2 ஆண்டுகள் கற்க வேண்டும். அந்த நாட்களில் செய்யும் வேலை எதுவும் நீங்கள் பார்க்கும் காணொளிகளில் வராது. பறவையைத் தினமும் தராசில் நிறுத்தி, எடையைக் கிராம் கணக்கில் நோட்டில் எழுதுகிறார்கள். பசி இல்லாத பறவை அழைத்தால் திரும்பாது. பசி மிஞ்சினால் மார்புச் சதை கரைந்து செத்துப்போகும். சரியான எடை பறவைக்குப் பறவை வேறு, குளிர் கூடினால் அதே பறவைக்கும் வேறு. முதல் நாட்களில் கையுறையின் மேல் உட்கார்ந்து நிம்மதியாகத் தின்ன வைப்பதே பெரிய காரியம். பிறகு ஒரு தாவலில் கைக்கு வரவைப்பது, பிறகு காலில் நீளக் கயிறு கட்டித் தொலைவிலிருந்து அழைப்பது, கடைசியாகத்தான் கயிறில்லாமல் விடுவது. அதட்டவே கூடாது. தண்டனை அதற்குப் புரியாது; மிரண்டால் அந்த மனிதரிடம் வர மறுத்துவிடும்.

நம் நாட்டிலும் இது இருந்தது. முகலாய அரண்மனைகளில் இருந்தது, சென்ற நூற்றாண்டில் குஜராத்தின் பாவ்நகர் அரச குடும்பத்திலும் இருந்தது. தொடக்கக்காரர்களுக்கு உகந்ததென்று அன்று கருதப்பட்டது நம் ஊர் வைரி என்ற சிறிய வேட்டைப் பறவை. அந்த வைரி உங்கள் மாந்தோப்பிலேயே இருக்கும், தம்பி. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தி, அணில் வாலை ஆட்டி ஓயாமல் குரல் கொடுத்தால், மேலே கிளைக்குள் தேடுங்கள். சாம்பல் முதுகோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

உங்கள் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. பறவையைக் கையில் ஏந்துகிறவர் முதலில் கற்பது அதன் உடலைப் படிப்பதைத்தான். எப்போது அதற்குப் பசி, எதைக் கண்டு தலையைச் சாய்க்கிறது, எப்போது பாயப் போகிறது என்பதையெல்லாம் ஒரு தொலைநோக்கியை வைத்து நீங்கள் இங்கேயே கற்கலாம். எட்டு மடங்கு பெருக்குவது போதும். பாறை முகப்பில் வெள்ளை எச்சக் கோடுகள் தெரியும். அடிவாரத்தில் புறா இறகும் கிளியின் பச்சை இறகும் சிதறிக் கிடந்தால் அந்த ஜோடி உண்ணும் இடம் அதுதான். ஆண் இரையோடு வரும்போது பெண் பறந்துபோய் நடுவானிலேயே வாங்கிக்கொள்ளும். அதைப் பார்த்த எவருக்கும் குஞ்சை எடுக்க மனம் வராது. குளிர்காலத்தில் திறந்த வெளிகளில், நின்ற இடத்திலேயே சிறகடித்துக் கீழே பார்க்கும் சிவப்பு வல்லூறைத் தேடுங்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் போனால் மீன் பிடிக்கும் விராலடிப்பான் தென்படுகிறதா என்று பாருங்கள். நாள், நேரம், இரை எல்லாவற்றையும் எழுதிவையுங்கள்.

தொட்டுப் பராமரிக்கும் வேலைதான் வேண்டும் என்றால் கால்நடை மருத்துவம் படிக்கலாம், அல்லது வனத்துறை அனுமதியோடு இயங்கும் மீட்பு மையம் ஒன்றில் தன்னார்வலராகச் சேரலாம். அடிபட்ட பறவை கிடைத்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், தீனியோ தண்ணீரோ புகட்டாமல் வைத்து வனத்துறையிடம் சேர்த்துவிடுங்கள்.

குஞ்சை ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள் என்றால் இன்றே ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்க வாய்ப்பு உண்டு. இன்னும் இறக்கவில்லை என்றால், அந்தப் பாறை எது என்பதைப் படத்தோடு எங்கும் பதிவிட வேண்டாம். எனக்கும் எழுத வேண்டாம்.

அன்புடன்.