ரைபிள் குழலுக்குள் படிந்த கரியை நீக்குவது எப்படி? எவ்வளவு தேய்த்தாலும் துணி கறுப்பாகவே வருகிறதே?

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அடிப்பிடித்த பாயசச் சட்டியைக் காய்ந்தபடியே யாரும் சுரண்டுவதில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். குழலுக்கும் அதே வைத்தியம்தான்.

எண்பதுகளின் கடைசியில் மலேசியத் தரைப்படையில் சேர்ந்தேன். கையில் கொடுத்தது எம்16. முதல் சோதனை நாளில் இரண்டு மணி நேரம் வியர்க்க வியர்க்கத் தேய்த்துவிட்டுப் பெருமையோடு நீட்டினேன். சார்ஜன் குழலின் பின்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து, அதில் பட்ட வெளிச்சத்தில் வாய்ப்பக்கமாக உள்ளே பார்த்தார். உள்ளே அவர் குறை சொல்லவில்லை. குழல்வாயின் விளிம்பைத்தான் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நான் இரும்புக் கம்பியை வாய்வழியாக விட்டு முன்னும் பின்னும் இழுத்த லட்சணம்! “தம்பி, ரவை கெடுத்த குழலைவிடக் கம்பி கெடுத்த குழல்தான் ஸ்டோரில் அதிகம்” என்றார். ரவை கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு. அது ஒருபுறம் தேய்ந்தால் வாயு ஒருபுறமாகப் பீறிட்டு ரவையின் போக்கைத் திருப்பிவிடும்.

ஆகவே கம்பி எப்போதும் பின்பக்கத்திலிருந்து போக வேண்டும். அதற்கு முன் மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்துவிடுங்கள். கரி கரைப்பானில் நனைத்த துணித்துண்டை ஒருமுறை தள்ளினால் தளர்ந்த தூசு வெளியேறும். பிறகு இன்னொரு ஈரத்துணியை ஓட்டி, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். அதன்பின் வெண்கல பிரஷ், பத்துத் தடவை போதும். பிரஷ் முழுவதுமாக வெளியே வந்த பிறகே திருப்பி இழுக்க வேண்டும். நடுவழியில் திருப்பினால் முட்கள் மடங்கிவிடும். பிரஷைப் புட்டிக்குள் முக்காதீர்கள், கரைப்பானே கரித்தண்ணீர் ஆகிவிடும்.

பலர் ஏமாறுவது புட்டியைத் தேர்ந்தெடுப்பதில். அம்மோனியா நெடி வீசும் கரைப்பான் செம்புக்கானது. ரவையின் மேலுறையிலிருந்து ஒட்டும் செம்பை அது நீலமாகக் கரைத்து எடுக்கும். கரியை அவ்வளவாக அசைக்காது. வெண்கல பிரஷையே அது கரைத்து நீலம் காட்டும் என்பதால், ‘இன்னும் செம்பு இருக்கிறதே’ என்று நாள் முழுக்கத் தேய்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு நைலான் பிரஷ்தான் சரி.

கரி கெட்டியாவது பெரும்பாலும் தோட்டா அறைக்குச் சற்று முன்னால், குழலுக்குள் சுருளாக ஓடும் புரிகள் தொடங்கும் இடத்தில். ஒவ்வொரு வெடியின் சூடும் அழுத்தமும் அதைச் சுட்ட செங்கல் போல் இறுக்கிவிடும். பாயிண்ட் டூ டூ (.22) என்னும் சிறு ரவை ரைபிளில் அது வளையமாகவே நிற்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்தும் போகாவிட்டால் அந்த இடத்தை மட்டும் மெருகுப் பசையால் தேய்ப்பதுண்டு. புதியவர்கள் அதில் கைவைக்க வேண்டாம், பழகிய கையிடம் கொடுங்கள்.

கரியை அலட்சியப்படுத்தவும் கூடாது. வியட்நாமில் எம்16கள் சிக்கிச் சிக்கி நின்றதை 1967இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழு விசாரித்தது. கரி அதிகம் விடும் வெடிமருந்துக்கு மாற்றியிருந்தார்கள், தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை, துடைக்கும் கருவிகளும் வீரர்களுக்குச் சரிவரப் போய்ச் சேரவில்லை.

துணி கறுப்பாக வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கரைப்பான் ஊற ஊறக் கொஞ்சம் சாம்பல் நிறம் வந்துகொண்டேதான் இருக்கும். துணியைப் பார்க்காதீர்கள், விளக்கு வைத்துக் குழலைப் பாருங்கள். புரிகளின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

கிளப் ரைபிள் என்றால் இதெல்லாம் சுடுதளத்திலேயே நடக்கட்டும். வீட்டில் வைத்து நிதானமாகத் துடைக்கலாம் என்று எடுத்து வந்துவிடாதீர்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம்.

இன்னொன்று, பினாங்கின் கடற்காற்று. பட்டர்வொர்த்தில் என் வீட்டு வாசல் கேட்டே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கிறது. கரைப்பானைத் துடைத்தெடுத்த குழலை எண்ணெய் இல்லாமல் வைக்காதீர்கள், ஒரு மெல்லிய பூச்சு போதும். அடுத்த முறை சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை ஒருமுறை ஓட்டி அந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் ரவை எங்கோ போகும், நீங்கள் குறிக்கண்ணாடியைத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.