ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டிலேயே மாற்றலாமா?

வேலூர் வெயிலில் ஓடி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் அடிக்கடி ஏறும் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள கார் என்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

பழைய ஆயிலில் வடிவது பெரும்பாலும் பாதிகூட இருக்காது, மீதி கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். அதனால் வடிந்ததை அளந்து, கையேட்டில் சொன்ன வகையில் அதே அளவு ஊற்றுங்கள். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை (ஆயில் பேன்) கழற்றியதும் அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிற மசி இயல்பான தேய்மானம்தான், பயம் வேண்டாம். உலோகத் துண்டுகள் கிடந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஃபில்டரும், ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள். தட்டைத் திரும்பப் பூட்டி ஆயிலை ஊற்றிய பிறகு, சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியருக்கும் மாற்றிவிட்டு, கையேட்டின்படி அளவு பாருங்கள்.

பழைய ஆயிலைத் தயவுசெய்து பாலாற்றில் கொட்டாதீர்கள். அந்த மணலுக்கடியில் ஊறும் தண்ணீரைத்தான் நம் ஊர்கள் குடிக்கின்றன.