ராத்திரி 3 மணிக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள்

தம்பி, அடுத்த மாதம் முதல்முறையாக வெளிநாடு கிளம்புகிறீர்கள். பெட்டியில் என்ன வைப்பது, எந்த சிம் வாங்குவது, வங்கிக் கணக்கு எப்போது திறப்பது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒற்றை வரியாக, "இப்போதே ராத்திரி தூக்கம் வரவில்லை, அங்கே போனால் சரியாகிவிடுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிம்முக்கும் வங்கிக்கும் பதில் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். போய் இறங்கியதும் நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

போனதும் சரியாகாது. முதல் பத்து நாள் இன்னும் கூடும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் வந்து 20 வருடம் ஆகிறது. வந்த இரண்டாம் நாள், ராத்திரி 3 மணிக்குச் சட்டென்று விழிப்பு வந்துவிட்டது. தெருவில் ஈ காக்காய் இல்லை. அடுப்படியில் பிரிட்ஜ் மட்டும் விட்டுவிட்டு உறுமிக்கொண்டிருந்தது. படுத்தபடியே கணக்குப் போட ஆரம்பித்தேன். வாங்கிய கடன், இந்த வேலை நிலைக்குமா, அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும். 4 மணிக்குள் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். விடிந்ததும் தொலைபேசி அட்டை வாங்கி வீட்டுக்குப் பேசினேன். பேசினேன் என்ன, அழுதேன். அன்று சாயங்காலமே எனக்கு மனது தெளிந்துவிட்டது. அம்மாதான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம், அக்கா பிறகு சொன்னாள். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

காரணம் வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. நம் மூளைக்குள், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் முக்கியமாக நேரம் பிடிக்கிறது. விமானம் ஒரே நாளில் ஏழெட்டு மணி நேர வித்தியாசத்தைத் தாண்டிவிடும். இந்தக் கடிகாரமோ நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். பெரும்பாலானவர்களுக்கு அதன் இயல்பான சுற்று 24 மணிக்குச் சற்று அதிகம் என்பதால், கிழக்கே போகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஆக, ஒரு வாரம் பத்து நாளைக்கு உங்கள் உடம்பு ஒரு ஊரிலும் நீங்கள் ஒரு ஊரிலும் இருப்பீர்கள். தூக்கம் கெட்ட மனதுக்குச் சின்னக் கவலையும் மலையாகத் தெரியும். அந்தப் பயத்தைக் கேட்டு வேலையை விடாதீர்கள், வீட்டுக்கு போன் போடாதீர்கள். தோன்றுவதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, பகலில் எடுத்துப் படியுங்கள். பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள். மீதிப் பாதி நிஜக் கவலை, அதற்குப் பகலில் வழி தேடலாம். பகலில் அறைக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே நடங்கள், கடிகாரம் நகர வெளிச்சம் வேண்டும். பத்து நாளைத் தாண்டியும் தூக்கமே பிடிக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், நம் பழைய ஆட்களில் ஒரு வகை உண்டு. புதிதாக ஒருவரைப் பார்த்தாலே, "இங்கே பிழைக்கிறது ஒன்றும் லேசில்லை" என்று ஆரம்பித்துப் பயமுறுத்துவார்கள். தாங்கள் பட்டதை அடுத்தவரும் பட்டால்தான் அவர்களுக்கு ஆறும் போல. "எல்லாம் பழகிவிடும்" என்று தோளைத் தட்டிவிட்டு நழுவுகிறவர்கள் இன்னொரு வகை. எனக்கு இவர்கள் மேல்தான் கோபம் அதிகம். தானாக எதுவும் பழகாது தம்பி. இந்த ஊர் மொழியை மூன்று வருடம் வேலை முடிந்து இரவு வகுப்பில் உட்கார்ந்து படித்தேன். இன்று எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர்கள் மொழியிலேயே கேள்வி கேட்கிறேன். அது உழைத்து வாங்கியது.

பெட்டியில் என்ன வைப்பது என்பதற்கும் ஒரே பதில்தான். அசல் சான்றிதழ், மருந்து, ஒரு மாற்று உடை, போய்ச் சேரும் முகவரி எழுதிய தாள், இவை கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்கும் கைப்பையில்தான், மற்றதில் வைக்க விடமாட்டார்கள். நான் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டேன், பெட்டி வரவில்லை. நான்காம் நாள் வந்தது, ஒரு சக்கரம் இல்லாமல், பக்கவாட்டில் கிழிந்து. வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்ட 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்ததற்கு 21 நாள். எனக்கு இது தெரிந்தபோது பெட்டியையே தூக்கிப் போட்டிருந்தேன். ராத்திரி முழுக்கப் பயந்த நான், பகலில் கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறக்கவில்லை. நீங்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே கேளுங்கள்.

நான் அன்று அதுகூடத் தெரியாமல் நின்றேன். யாரும் எடுக்காத ஒரு நீலப் பை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு பெல்ட்டும் நின்றுவிட்டது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து ஏதோ கேட்டார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்கும். என் பயணச்சீட்டின் பின்பக்கம் ஒட்டியிருந்த எண்ணை விரலால் தட்டிக் காட்டினார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து, மூலையில் இருந்த ஒரு கவுன்டருக்கு அழைத்துப் போனார். எனக்கு முன்னால் ஆறேழு பேர் நின்றார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, என் முறை வரும்வரை கூடவே நின்றார்.