வலி வரும் முன்பே பல்லைக் கவனியுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை மியான்மரின் (பர்மா) பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சொத்தைப் பல்லைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுதியிருந்ததால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டரை வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பு நிறமாகி, ஓரம் உதிர்ந்து வருகின்றன. பால் பல்தானே, விழுந்து புதிதாக முளைக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இரவில் டின் பால் கரைத்த புட்டியை வாயில் வைத்தபடியேதான் உறங்குகிறான். இதற்குச் சிகிச்சை அவசியமா? – ஒரு பாட்டி, பகோ

பதில்: அவசியம் அம்மா, அதையும் தாமதிக்காமல் செய்ய வேண்டும். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் சர்க்கரைதான். குழந்தை உறங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரப்பதால், புட்டியிலிருந்து கசியும் பால் கழுவப்படாமல் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நின்றுவிடுகிறது. கீழ் முன்பற்கள் மட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். புட்டி குடிக்கும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்வதும், நாக்கின் அடியிலிருந்து சுரக்கும் உமிழ்நீர் அவற்றை நனைத்துக்கொண்டே இருப்பதும் அதற்குக் காரணம். மேல்வரிசை கெட்டு, கீழ்வரிசை வெள்ளையாக இருக்கும் வாயைப் பார்த்தவுடனே, இரவுப் புட்டியைப் பற்றித்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.

பால் பற்கள் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்து உணவை மெல்ல வேண்டியவை. அவற்றைச் சொத்தைக்குப் பறிகொடுத்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குச் சாய்ந்து, பின்னால் முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகும். வேரடியில் சீழ் கட்டினால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் புதுப் பல்லே பழுதாகி முளைக்கவும் கூடும். இவை எல்லாவற்றையும் விட, பல்வலியுள்ள குழந்தை சரியாக உண்ணாது, உறங்காது. தனக்கு வலிக்கிறது என்று சொல்லவும் இரண்டரை வயதில் அதற்குத் தெரியாது.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் குழந்தை அழுது வீட்டையே இரண்டாக்கிவிடும். பாலில் ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடுங்கள். பிறகு அவனே அதைத் தள்ளிவிடுவான். ஃபுளோரைடு கலந்த பற்பசையை அரிசி மணி அளவு மட்டும் தடவி, காலையிலும் உறங்கும் முன்பும் பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு போதும். ஏழு வயது வரை குழந்தையின் கையில் மட்டும் இந்த வேலையை விட வேண்டாம். பல் மருத்துவரிடம் காட்டும்போது, சொத்தையை அப்படியே நிறுத்தி வைக்கும் வெள்ளி கலந்த ஃபுளோரைடு நீர்மம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தூரிகையால் தொட்டுத் தடவினால் போதும். ஊசியும் இல்லை, துளையிடுவதும் இல்லை. தடவிய சொத்தை கருத்துப் போகும் என்பது ஒன்றுதான் குறை. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். ஆனால் அதையும் பால் பல் என்று நினைத்துக் கெட்டுப்போக விட்டுவிடும் பெற்றோர் மிகப் பலர். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பல்லைப் பிடுங்க நேர்வதைப் போல மனம் வருந்தும் வேலை எங்களுக்கு வேறில்லை.

கேள்வி: நாள்தோறும் இருவேளை பல் துலக்குகிறேன், மிட்டாய் தின்பதில்லை. ஆனாலும் ஒரே ஆண்டில் மூன்று பற்கள் சொத்தையாகிவிட்டன. என் பற்களே பலவீனமானவையா? – கடை ஊழியர், ரங்கூன்

பதில்: பல்லைக் குறை சொல்லும் முன், ஒரு நாளில் எத்தனை முறை தேநீரோ, பொட்டலத்தைப் பிரித்துக் கரைக்கும் காபி மிக்ஸோ குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர்த் தேநீர்க் கடையில் கெட்டிப்பால் விடாத தேநீரைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. பல்லில் படியும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சிலிருந்து சுண்ணச்சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தை முறித்து, கரைந்த சத்தைத் திரும்பப் படிய வைக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஒரு மணிக்கு ஒரு கோப்பை என்று விட்டு விட்டுக் குடித்தால், உமிழ்நீருக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. ஆகவே எவ்வளவு சர்க்கரை என்பதை விட, எத்தனை தடவை என்பதே பல்லுக்கு முக்கியம். தேநீரை உணவோடு சேர்த்துக் குடியுங்கள். இடையில் தாகம் எடுத்தால் தண்ணீரோ, இனிப்பில்லாத வெறுந்தேநீரோ போதும். கடையில் மேசைமீது வைத்திருக்கும் வெறுந்தேநீர்க் குடுவைக்குக் காசும் கேட்பதில்லை.

துலக்கிய பிறகு வாயை நீரால் கொப்பளித்துவிடாமல் நுரையை மட்டும் துப்புங்கள். பற்பசையிலுள்ள ஃபுளோரைடு பல்லில் தங்கினால்தான் வேலை செய்யும்.

கேள்வி: சொத்தைப் பல்லில் பூச்சி இருப்பதாகவும், கண்டங்கத்தரி விதைப் புகை பிடித்தால் அது வெளியே விழும் என்றும் சொல்கிறார்கள். என் மாமியாருக்கு ஒருவர் பூச்சிகளை எடுத்துக் காட்டியதை நானே பார்த்தேன். இது உண்மையா? – தட்டோன் வாசகி

பதில்: பல்லில் பூச்சி இல்லை. சொத்தைக்குக் காரணமான நுண்ணுயிர்களை நுண்ணோக்கி இல்லாமல் காணவே முடியாது. சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளிப்படும் வெண்ணிற முளை புழுவைப் போலவே தோன்றும். பூச்சி எடுப்பவர்களில் சிலர் கையில் மறைத்து வைத்திருந்ததைக் காட்டுவதும் உண்டு. உங்கள் கண் பார்த்தது பொய்யில்லை, அது பல்லிலிருந்து வந்தது என்பதுதான் பொய். புகை பிடித்தபின் வலி சற்று அடங்கலாம். ஆனால் பல்லினுள் நரம்பு செத்துவிட்டாலும் வலி அடங்கிப் போகும், பிறகு சில வாரங்களில் அது சீழாகத் திரும்பி வரும். வலி நின்றதை நோய் தீர்ந்ததாக எண்ணிவிட வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் குழியில் வைப்பது ஓரிரவைக் கடக்க உதவும், அவ்வளவுதான். வலி மாத்திரையை ஈறின்மேல் வைத்து அடக்கும் வழக்கம் மட்டும் கூடவே கூடாது. தசை வெந்து வெள்ளையாக உரிந்துவிடும்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் புகையிலை சேர்த்துக் குன்யா (வெற்றிலை பாக்குச் சுருள்) போடுகிறேன். ஒரு சொத்தை கூட இல்லை. வெற்றிலை பல்லுக்கு நல்லது என்றுதானே பெரியவர்களும் சொல்வார்கள்? இப்போது சில மாதங்களாகக் காரம் பட்டால் வாய் எரிகிறது. – நெல் ஆலைத் தொழிலாளி, மௌல்மீன்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை முதலில் பதில் எழுத உட்கார வைத்தது. வெற்றிலை போடுபவர்களுக்குச் சொத்தை குறைவு என்று சில ஆய்வுகள் கூறியதுண்டு; எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. சொத்தை இல்லை என்பதையே வைத்துக்கொண்டாலும், அதற்கு ஈடாகக் கொடுக்கும் விலை மிகப் பெரியது. சுண்ணாம்பும் பாக்கும் பல்லின் அடியில் காரையாக இறுகி ஈற்றைத் தின்கின்றன. சிவப்புக் கறையின் பின்னால் ஈறு நோய் மறைந்து வளர்கிறது. கடைசியில் சொத்தையே இல்லாத பல் ஆடி விழுகிறது.

காரம் பட்டால் எரிவது அதைவிடக் கவலைக்குரியது. பாக்கின் சத்து கன்னத்தின் உட்தசையில் நாராக இறுகத் தொடங்குவதன் முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் வாய் சுருங்கிவருகிறது என்று பொருள். கண்ணாடி முன் நின்று, கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் நார்போல் விறைப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இறுக்கம் தானாகத் திரும்பித் தளர்வதில்லை; பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகாமல் தடுக்கலாம். நிறுத்தாவிட்டால் சிலருக்கு அது புற்றுநோயாக மாறுகிறது.

புகையிலையை மட்டும் விட்டுவிட்டு வெறும் பாக்கு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. திருமணத் தட்டிலும் பூசைத் தட்டிலும் வெற்றிலை பாக்கு வைப்பது நம் மரபு. அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆலை வாசலில் காலை முதல் மாலை வரை கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதைத்தான் சொல்கிறேன். இந்த மாதமே ஒரு பல் மருத்துவரிடம் வாயை முழுமையாகக் காட்டுங்கள். தேவைப்பட்டால் ரங்கூனிலோ மண்டலேயிலோ உள்ள பல் மருத்துவப் பல்கலைக்கழகத்திற்கு அவர் அனுப்புவார். யாருக்கானாலும், இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண் வலிக்காவிட்டாலும் காட்டப்பட வேண்டியதே.

கேள்வி: மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குறையுமா? பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிவிடுமா? – பலர்

பதில்: குறையாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வயதானபின் பல்லும் போகிறது, பார்வையும் மங்குகிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதால் ஒன்றின்மேல் ஒன்று பழி விழுகிறது. சுத்தம் செய்வதாலும் பல் ஆடாது. ஏற்கெனவே ஈறு இறங்கிய பல்லைக் காரைதான் பிடித்து நிறுத்தியிருக்கும். அதை அகற்றியதும் ஆட்டம் தெரியவருகிறது.

கேள்வி: நான் நான்கு மாதக் கர்ப்பிணி. பல் அடைக்கலாமா? – தவண்டே வாசகி

பதில்: தாராளமாக அடைக்கலாம், நான்கு முதல் ஆறு மாதம் வரை அதற்கு மிக வசதியான காலம். கர்ப்பமாக இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பல் மருத்துவர் இல்லை. வலி வந்தால் மருந்துக் கடையில் கலந்து கொடுக்கும் மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடுகிறோம். வலி நின்றுவிடுகிறது. இது போதாதா? – ஒரு தந்தை, பகோ மாவட்டக் கிராமம்

பதில்: போதாது. அந்தப் பொட்டலத்தில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று கொடுப்பவரே பல நேரங்களில் சொல்வதில்லை. கிருமிக்கொல்லி மருந்து இரத்தத்தின் வழியே செல்வது. நரம்பு செத்த பல்லினுள் இரத்த ஓட்டமே இருக்காது. சீழை வெளியேற்றாமல் மாத்திரையை மட்டும் விழுங்கினால் வீக்கம் வடிந்து வடிந்து திரும்ப வரும். நாளடைவில் அந்த மருந்துக்கே கிருமி அடங்காமல் போகும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், வலி இல்லாதபோதே, நகரத்துக்குப் போகும் நாளில் பிள்ளைகளையும் அழைத்துப்போய்க் காட்டுங்கள். சிறு குழியாக இருக்கும்போது கைக்கருவியால் சுரண்டி, கண்ணாடித் தூள் கலந்த பசையால் அடைத்துவிட முடியும். அதற்கு மின்சாரமே தேவையில்லை.

பல்வலியோடு தாடைக்கடியில் வீங்கி, காய்ச்சல் கண்டு, விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சு விடவோ சிரமமானால் மாத்திரைக்கும் ஒத்தடத்துக்கும் நேரம் செலவிட வேண்டாம். இரவானாலும் வண்டி பிடித்துப் பெரிய மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.