கெல்லி துரையின் கோட்டையும் கட்டியவர்களின் பெயரும்

வணக்கம் அக்கா,

டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மலேசியாவில் பேராக் மாநிலத்து ஈப்போவுக்குப் போயிருந்தோம். வழியில் பத்து காஜாவில் கெல்லி துரை கட்டிய கோட்டை, கெல்லிஸ் காசலைப் பார்த்தோம். பலகைகளில் துரை, துரைசாணி, பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். கட்டிய தமிழர்களின் பெயர், நான் படித்தவரை, ஒன்றுகூட இல்லை. "இவ்வளவு கல்லையும் தூக்கி வச்சது யாருப்பா?" என்று மகள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் ஈப்போவில் பார்த்தால் பெர்ச் துரைக்கு ஒரு மணிக்கூண்டு! இதையெல்லாம் கழற்றி எறிய வேண்டியதுதானே அக்கா? எங்கள் பாட்டியும் பேராக் தோட்டத்தில் பிறந்தவர்தான், இப்போது 88 வயது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

வணக்கம் தம்பி,

என் அப்பாயி பேராக்கில் கோப்பேங் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டியவர், அதனால் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கழற்றி எறிவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

முதலில் அந்த மணிக்கூண்டு. பெர்ச் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் பிரிட்டிஷார் வைத்த அதிகாரி. அந்தப் பதவிக்கு வழிவிட்ட பங்கோர் ஒப்பந்தம் 1874இல் கையெழுத்தானது, மறு வருஷமே பாசிர் சாலாக்கில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அதற்காக மலாய்த் தலைவர்களான மகாராஜா லேலாவையும் டத்தோ சாகோரையும் 1877இல் தூக்கில் போட்டார்கள். மணிக்கூண்டு 1909இல் வந்தது. இப்போது அது நிற்கிற சாலையின் பெயர் என்ன தெரியுமா? ஜாலான் டத்தோ சாகோர். கூண்டை இடிக்கவில்லை, சாலைக்குப் பெயரை மாற்றினார்கள். கூண்டை இடித்திருந்தால் அந்தச் சாலைப் பெயரும் வெறும் பெயராகத்தான் நின்றிருக்கும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பிள்ளை "யார் இவங்க?" என்று கேட்கும், அதுதான் எனக்கு வேண்டியது.

கெல்லி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கோட்டையோடு திரும்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து காரில் சில நிமிடம் போனால் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்திலிருந்து 20 வயதில் மலாயாவுக்கு வந்து, ரப்பரிலும் ஈயத்திலும் சம்பாதித்து, மெட்ராசிலிருந்து ஆட்களையும் இந்தியாவிலிருந்து செங்கல்லையும் சலவைக்கல்லையும் வரவழைத்து அந்த மாளிகையைக் கட்ட ஆரம்பித்தார். நடுவில் ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து வேலையாட்கள் பலர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஆத்தாளுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்க, அவர் கட்டிக்கொடுத்தார். அதற்கு நன்றியாக அவருக்கும் அங்கே ஒரு சிலை வைத்தார்கள். சாமி சிலைகளோடு வரிசையாக, வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கிறார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார், கோட்டை பாதியில் நின்றுவிட்டது.

சின்ன வயதில் அப்பா அந்தச் சிலையைக் காட்டியபோது எனக்கு அவமானமாக இருந்தது, துரையைப் போய்ச் சாமி பக்கத்தில் வைப்பார்களா என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் நம் ஆட்கள் தாங்களாகவே வைத்த அடையாளம் அது, யார் என்ன செய்தார் என்பதைத் தங்களுக்குத் தெரிந்த முறையில் பதிந்து வைத்திருக்கிறார்கள். என்னை உறுத்துவது வேறு. கோயிலில் ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட உபயம் என்று பெயர் எழுதுகிறவர்கள் நாம், ஆனால் அந்தக் காய்ச்சலில் செத்தவர்களின் பெயரை எங்கே போய்ப் படிப்பது?

பலகையில் 'இந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள்' என்று எழுதினால் போதாது தம்பி. எப்படி வந்தார்கள்? 1910 வரை சஞ்சிக்கூலி ஒப்பந்தத்தில், அதாவது இத்தனை காலம் வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாட்டில், அப்புறம் கங்காணி என்ற தோட்டத்து மேஸ்திரி ஊருக்கே போய் ஆள் கூட்டி, 1938இல் இந்திய அரசாங்கம் நிறுத்துகிறவரை. எந்த ஊர், எந்தக் கப்பல், லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு அறைக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் வர வேண்டும், தமிழிலும் வர வேண்டும்.

இதற்கு எல்லை தாண்டிப் போக வேண்டும் என்றுகூட இல்லை. நம் சிங்கப்பூரிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய்மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு அது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவரைக் காட்டுங்கள். அவள் கேட்ட கேள்விக்கு அங்கே பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி உங்கள் பாட்டியிடம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமையே போய் உட்காருங்கள். லயத்தில் பக்கத்து வீட்டில் யார், அதற்கடுத்த வீட்டில் யார் என்று வீடு வீடாகக் கேட்டு, போனில் பதிவு செய்யுங்கள். என் அப்பாயியிடம் கேட்டு 11 பெயர் எழுதி வைத்தேன். பன்னிரண்டாவது ஆளின் பெயர் நாக்கு நுனியில் இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்றார். நான் மறுபடி போக ஒரு மாதம் ஆகிவிட்டது, அதற்குள் அவர் போய்விட்டார்.