படிப்பு முடித்ததும் எமர்ஜென்சி ட்யூட்டி: புதிய செவிலியர்கள் கேட்டவையும் என் பதில்களும்

பதினோரு வருடமாக ஓர் அரசு மருத்துவமனையின் எமர்ஜென்சியில் வேலை பார்க்கிறேன். இப்போதுதான் படிப்பு முடித்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டேன். நேராக எமர்ஜென்சியில் சேரலாமா, ஒரு வருடம் வார்டு பார்த்துவிட்டுப் போவது நல்லதா?

நேராகவே சேரலாம். முதலில் நர்சிங் கவுன்சில் பதிவை முடித்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் சம்பளம் பேசும் முன், எத்தனை வாரம் சீனியருடன் ட்யூட்டி போடுவார்கள் என்று கேளுங்கள். இரண்டாம் நாளே தனியாக நைட் பார்க்க வேண்டும் என்றால் அந்த வேலை வேண்டாம். எவ்வளவு பெரிய மருத்துவமனையாக இருந்தாலும் வேண்டாம்.

என்ன கோர்ஸ் படித்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும்?

பி.எல்.எஸ். (இதயமோ மூச்சோ நின்றவருக்கு முதலில் செய்யும் உயிர்காப்புப் பயிற்சி) கட்டாயம் முடியுங்கள். அந்தச் சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அதற்கு அடுத்த நிலையான ஏ.சி.எல்.எஸ்.ஸை ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு படித்தால் மண்டையில் ஏறும். அதற்குள் ஈ.சி.ஜி. எடுக்கப் பழகுங்கள். நெஞ்சுவலி என்று வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர் கையில் கொடுக்க வேண்டும். மேற்படிப்பு என்றால், கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் வாரியம்) அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அக்கா, முதல் வாரம் எதைக் கற்றுக்கொள்வது? எல்லாரும் ஓடுகிறார்கள், நான் மட்டும் நிற்கிறேன்.

நிற்கிறோமே என்று கூச்சப்படாதேம்மா. ட்யூட்டிக்கு இருபது நிமிடம் முன்னால் போய் எமர்ஜென்சி ட்ராலியைத் திறந்து பார். தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா, சளி உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேகுக்குச் சரியான மாஸ்க் இருக்கிறதா, இதயம் நின்றால் போடும் அட்ரினலின் எந்தத் தட்டில் என்று தினமும் கையால் தொட்டுப் பார்த்துவிடு. பதினைந்தாம் நாள் யாராவது "அட்ரினலின்!" என்று கத்தும்போது உன் கை தானாக அங்கே போகும்.

மயங்கி வருபவர் யாராக இருந்தாலும் சுகர் பார். ஒருமுறை, குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தார் என்று ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சாராய வாடையும் அடித்தது. குத்திப் பார்த்தால் சுகர் 38, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் ஏற ஏறக் கண் விழித்து மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நம் ஊர்களில் பாம்புக்கடி நிறைய வரும். இரண்டு மில்லி ரத்தத்தைக் கண்ணாடி ட்யூபில் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து போட வேண்டும். நான் சேர்ந்த இரண்டாவது மாதம் அப்படிச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீராக ஓடியது. மருந்து எடுக்க ஓடினேன். சீனியர் அக்கா என் கையைப் பிடித்து, "எந்த ட்யூப்ல எடுத்த?" என்றார். சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்த பழைய ட்யூப். சோப்பு ஒட்டியிருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாது. பிளாஸ்டிக் ட்யூபிலும் அப்படித்தான். புது ட்யூபில் மறுபடி எடுத்தோம், கெட்டியாக உறைந்தது. அந்த மருந்தே அலர்ஜியாகிச் சிலருக்கு உயிருக்கு ஆபத்தாகிவிடும். தேவையில்லாத ஒருவருக்கு அதை ஏற்றியிருப்போம் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி ட்யூப். இதை மறக்காதே.

நான் ஆண் செவிலியர். நோயாளியுடன் வரும் அட்டெண்டர்கள் சண்டைக்கு வந்தால் என்னைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

அது தவறு தம்பி, ட்யூட்டி டாக்டரிடமும் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொல்லுங்கள். அடிக்கக் கை ஓங்கினால் விலகி நின்று செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். ஆனால் பெரும்பாலான சண்டை, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருவது. "ரத்தம் எடுத்திருக்கோம், ஸ்கேனுக்குப் போறாங்க, அரை மணி நேரம் ஆகும்" என்று நாமே போய்ச் சொல்லிவிட்டால் பாதி கோபம் இறங்கிவிடும். பின்னால் வந்தவரை ஏன் முதலில் பார்க்கிறோம் என்பதற்கும் அவசரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரித்திருப்பதை விளக்குங்கள். புரிந்துகொள்வார்கள்.

ஊசி கையில் குத்திவிட்டால்?

பிதுக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டு விழும் என்று மறைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் வேலையில் சேரும் முன்பே முடித்திருக்க வேண்டும்.

முதல் மரணத்தை எப்படித் தாங்கினீர்கள்?

தாங்கவில்லை. பைக் விபத்தில் வந்த பையன், கல்லூரி ஐடி கார்டு கழுத்திலேயே கிடந்தது. நாற்பது நிமிடம் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம். அவன் அம்மா வந்து சேரும் முன் முகத்திலிருந்த ரத்தத்தைத் துடைத்து, தலையைச் சீவிவிடச் சொன்னார் சீனியர் அக்கா. செய்தேன். அப்புறம் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதேன், அவரும் கூட உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தால் அழுங்கள், தனியாக மட்டும் இருக்காதீர்கள்.

ட்யூட்டிக்கு என்ன எடுத்துப்போக வேண்டும்?

விநாடி முள் உள்ள வாட்ச். நாடி, பிரஷர், ஆக்சிஜன் எல்லாம் மானிட்டரே காட்டும். மூச்சை மட்டும் மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். பல கேஸ்களில் முதலில் மாறுவது அதுதான், நிறையப் பேர் எண்ணாமலே 20 என்று எழுதிவிடுகிறார்கள்.