மூன்று மில்லிமீட்டர் விரிசலும் பிஎச்டியும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருவொற்றியூரில் இருக்கிறேன். பி.இ. மெக்கானிக்கல், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. சிஜிபிஏ 7.1, இரண்டு அரியர் இருந்தது, முடித்துவிட்டேன். நான்கு வருடமாக மணலி, எண்ணூர் பக்கம் காண்ட்ராக்டில் என்டிடி வேலை (பொருளைச் சிதைக்காமல் சோதிப்பது), யூடி (அல்ட்ராசோனிக் சோதனை) லெவல் டூ. சாலிட் மெக்கானிக்ஸ், மெட்டீரியல்ஸ் பக்கம் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. பல பேராசிரியர்களுக்கு மெயில் போட்டும் பதில் இல்லை (மெயிலை இணைத்திருக்கிறேன்). கேட் (முதுநிலைப் பொறியியல் தகுதித் தேர்வு) எழுதாமல் வழி உண்டா? எம்.இ. முடித்துவிட்டுத்தான் போக வேண்டுமா? என்ன தலைப்பு எடுக்கலாம்? வயது 26. வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

க., திருவொற்றியூர்

அன்புள்ள க.,

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். மெயிலுக்குப் பதில் வராத காரணமும் அங்கேதான் இருக்கிறது. "தங்கள் மேலான வழிகாட்டுதலில் மெட்டீரியல்ஸ் துறையில் ஆய்வு செய்ய மிகுந்த ஆர்வத்துடன் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரை மட்டும் மாற்றி அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். படிப்பவருக்கும் அது தெரியும். நான்கு வருடம் யூடி பார்த்த ஆள் என்ற செய்தியோ கடைசிப் பத்தியில், கேரம், கிரிக்கெட்டுக்கு மேலே ஒற்றை வரியாகக் கிடக்கிறது.

ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தும் ஒவ்வொரு ஷட்டவுனிலும் நீங்கள் செய்வதையே எடுத்துக்கொள்வோம். வெல்டில் லேக் ஆஃப் ஃபியூஷன் (உலோகம் உருகி ஒட்டாத இடம்) தெரிகிறது, ஏஎஸ்எம்இ பி31.3 என்ற குழாய்க் கோட் படி ரிஜெக்ட், வெட்டி மறுபடி வெல்டு. அந்தக் கோட் பார்ப்பது வேலைத் தரத்தை. அந்தக் குறையோடு குழாய் எவ்வளவு காலம் தாங்கும் என்பது வேறு கேள்வி; அதற்குத்தான் ஏபிஐ 579, பிஎஸ் 7910 போன்ற மதிப்பீட்டுத் தரநூல்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியவை தகைவு (ஸ்ட்ரெஸ்), பொருளின் முறிவுத் தாங்குதிறன், குறையின் உயரம். அந்த மூன்றாவது எண்ணைத் தருவது உங்கள் புரோப்.

அந்த எண் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். பாரிஸ் விதிப்படி, ஒரு சுமைச் சுற்றுக்கு விரிசல் வளரும் அளவு, ஸ்ட்ரெஸ் இன்டென்சிட்டி (விரிசல் முனையில் தகைவின் தீவிரம்) வீச்சின் ஓர் அடுக்குக்கு நேர்விகிதம். ஸ்டீலுக்கு அந்த அடுக்கு சுமார் 3. அப்படியானால் மிச்ச ஆயுளைக் கணக்கிட, தொடக்க அளவின் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்து, அதிலிருந்து இறுதி அளவின் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்ததைக் கழிக்க வேண்டும். 2 மி.மீ. விரிசல் 10 மி.மீ. ஆக வளர இந்த மதிப்பு 0.391 (ஆயுள் இதற்கு நேர்விகிதம்). 3 மி.மீ.யில் தொடங்கினால் 0.261. அதாவது 1 மி.மீ. பிசகினால் கணித்த ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. (வடிவக் காரணி மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது, நிஜத்தில் அதுவும் மாறும்.) எதிரொலி பாதியாகக் குறையும் இடத்தை விளிம்பாகக் கொள்ளும் 6 டெசிபல் டிராப் முறையில் 1 மி.மீ. பிசகு சர்வசாதாரணம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறை, பீமின் (ஒலிக்கற்றை) அகலத்தைவிடச் சிறியதாக இருந்தால் நீங்கள் அளப்பதே பீமைத்தான்.

யூடி அளவின் பிசகை மிச்ச ஆயுள் கணிப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது? இது ஒரு நல்ல எம்.எஸ். ஆய்வேட்டுக்குக் காணும். வளாகத்துக்குள்ளேயே இருந்து படித்த மாணவரைவிட உங்கள் கைக்கு நெருக்கமான கேள்வி.

ஆலையின் ரிப்போர்ட், போட்டோ, வெட்டிய குழாய்த் துண்டு எதையும் தொடாதீர்கள். அது அவர்கள் சொத்து, உங்கள் வேலையும் போகும். 12 மி.மீ. கார்பன் ஸ்டீல் பிளேட் வாங்கி, தெரிந்த வெல்டரிடம் வி குரூவ் போட்டு, பக்கச் சுவரில் வேண்டுமென்றே ஃபியூஷன் ஆகாமல் விடச் சொல்லுங்கள். எட்டுப் பத்து இடம் போதும். நீங்களும் இன்னொரு ஆபரேட்டரும் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் உயரத்தை அளந்து குறித்துவையுங்கள். பிறகு பேண்ட்சாவில் வெட்டுங்கள். கேஸ் கட்டிங் கூடாது, சூட்டில் குறையின் விளிம்பே உருகிவிடும். 220-இலிருந்து 1200 வரை எமரி, பாலிஷ், 2 சதவீத நைட்டால் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) கொண்டு எட்ச், பிறகு மைக்ரோஸ்கோப்பில் அளவு. பலரும் சறுக்குவது இங்கேதான்: ஒரே ஒரு வெட்டில் தெரிவது அந்த இடத்து உயரம், அதிகபட்ச உயரம் அடுத்த மில்லிமீட்டரில் இருக்கலாம். 1 மி.மீ. படியாகத் தேய்த்துத் தேய்த்துப் பாருங்கள். யூடி அளவு ஒரு அச்சில், வெட்டிப் பார்த்த அளவு மறு அச்சில். அந்த ஒரு வரைபடத்தோடு நாலு வரி எழுதினால் மெயில் போதும்.

இனி கேட். அது இல்லாமல் நுழையலாம், ஆனால் பணத்தில் அடி விழும். 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கேட், நெட் தேர்வுத் தகுதி இல்லாதவருக்கு அதே லேபில் புராஜெக்ட் அசோசியேட் என்று குறைந்த சம்பளம். உங்கள் வீட்டு நிலைக்கு இந்த வித்தியாசம் பெரிது. விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

கேட்டில் எம்இ (மெக்கானிக்கல்) தாளை எல்லோரும் எழுதுகிறார்கள். எக்ஸ்இ (பொறியியல் அறிவியல்) தாளைப் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. அதில் பொது அறிவுத்திறன் 15, கணிதம் 15, மீதி 70-க்கு இரண்டு பிரிவுகள். சாலிட் மெக்கானிக்ஸ், மெட்டீரியல்ஸ் சயின்ஸ் இரண்டையும் எடுக்கலாம். தெர்மல், மேனுஃபேக்சரிங் எல்லாம் உருப்போட வேண்டாம். ஆனால் பொதுத்துறை வேலைக்கு எக்ஸ்இ பெரும்பாலும் உதவாது. துறைக்குத் துறை ஏற்பும் மாறும், அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எம்.இ. முடித்துவிட்டுத்தான் என்றில்லை. ஐஐடி மெட்ராஸில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். இருக்கிறது, நன்றாகப் போனால் அங்கேயே பிஎச்டிக்கு மாறலாம். அப்ளைடு மெக்கானிக்ஸ், மெட்டலர்ஜி, மெக்கானிக்கல் மூன்றையும் பாருங்கள். தரமணியில் சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி (கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்) ஃபெடீக், ஃப்ராக்சர் சோதனைகளுக்குப் பேர் போனது. பக்கத்திலேயே என்எம்எல்லின் (தேசிய உலோகவியல் ஆய்வகம்) சென்னை மையம். பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் மாறினால் போய்விடலாம். கல்பாக்கம் ஐஜிகார் (அணு ஆராய்ச்சி மையம்) தூரம்தான், ஆனால் 316எல்என், 9 குரோம் ஸ்டீல் வகைகளின் க்ரீப்பில் (சூட்டில் சுமையால் மெல்ல நீளுவது) அங்கே இருக்கும் அனுபவம் பெரியது. அரிப்பின் பக்கம் மனம் போனால் காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்). நம் பக்கமே அதற்குக் கேள்வி கிடக்கிறது: கடல் உப்புக் காற்றில், இன்சுலேஷனுக்கு அடியில், 60 முதல் 175 டிகிரிக்குள் ஓடும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஏன் விரிசல் விடுகிறது?

இன்டர்வியூவில் பெரிய தியரி கேட்க மாட்டார்கள். மோர் வட்டம் வரையச் சொல்வார்கள்; பிளேன் ஸ்ட்ரெஸ், பிளேன் ஸ்ட்ரெயின் வித்தியாசம் கேட்பார்கள். "டென்சைல் மெஷின் ஸ்டீலுக்கு யங் மாடுலஸ் 33 ஜிகாபாஸ்கல் என்கிறது, 200 அல்லவா வர வேண்டும், ஏன்?" என்றும் கேட்கலாம். 12.5-க்கு 6 மி.மீ. குறுக்குவெட்டு என்றால் 75 சதுர மி.மீ.; 15 கிலோநியூட்டனில் தகைவு 200 மெகாபாஸ்கல். 50 மி.மீ. நீளம் உண்மையில் நீள்வது 0.05 மி.மீ.தான். கிரிப்பின் தளர்வும் ஃபிரேமின் நெகிழ்வும் சேர்ந்து, மெஷினின் இழுக்கும் பகுதியான கிராஸ்ஹெட் 0.3 மி.மீ. நகர்ந்திருக்கும். துண்டின் நீட்சியை மட்டும் அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டாமல் அந்த நகர்வை வைத்து வகுத்தால் 33 வராமல் என்ன வரும்? இதைப் பதற்றமில்லாமல் சொல்லத் தெரிந்தால் அரியரைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். ஐஐடி மெட்ராஸ் கே. ரமேஷின் ஃப்ராக்சர் மெக்கானிக்ஸ் பாடம் என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு பேப்பர் போட்டுத் தருகிறோம், தீசிஸ் எழுதித் தருகிறோம் என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேலையை இப்போது விட வேண்டாம். பிளேட் வேலையை இரண்டு ஷட்டவுனுக்கு நடுவில் முடியுங்கள், மெயிலை அதற்குப் பிறகு அனுப்புங்கள்; ராஜினாமா, சேர்க்கைக் கடிதத்தில் உதவித்தொகை எவ்வளவு என்று பார்த்த பிறகு.